கடைசி இடத்தில் கிடக்கும் கிளப்பை ஆதரிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் ஆடும் கிளப் ஒன்றுக்கு மகனோடு சீசன் டிக்கெட் எடுத்துப் போய்வருகிறார் ஒருவர். ஜனவரி முடியப் போகிறது. அணி கடைசி இரண்டு இடங்களை விட்டு நகரவே இல்லை. சொந்த ரசிகர்களே ஆட்டக்காரர்களைத் திட்டுகிறார்கள். மேனேஜரை அனுப்பச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள். சம்பளம் தாமதமாகிறது என்றும் பேச்சு அடிபடுகிறது. பையன் வீட்டுக்கு அழுதுகொண்டே வருகிறான். அடுத்த சீசனுக்கும் டிக்கெட் எடுக்கலாமா? இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ரசிகர் உருப்படியாக என்னதான் செய்ய முடியும்?

ஆட்டத்தில் தோற்கும் சீசன் வேறு, கணக்கில் தோற்கும் சீசன் வேறு. உங்கள் கிளப் எதில் மாட்டியிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதும் உண்டு. ஆனாலும் ரசிகர் செய்ய வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதில் பொறுமையாக இருந்தால் கிளப்பே போய்விடும். நான் பார்த்தவரையில் பெரும்பாலான ரசிகர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பந்தைத் தவறவிட்ட இருபது வயதுப் பையன்மேல் பாய்கிறார்கள். கணக்கை மறைக்கும் முதலாளிக்கு இன்னொரு வருஷம் அவகாசம் தருகிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு கிளப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2014 மே மாதம் பிரிஸ்டல் ரோவர்ஸ் லீக் டூவிலிருந்து கீழே விழுந்தது. 50 புள்ளி எடுத்தும் விழுந்தது. அதே 50 புள்ளியோடு நின்ற வைகோம் வாண்டரர்ஸ் கோல் வித்தியாசத்தில் தப்பித்தது. லீக் என்று சொல்லப்படும் மேல் அடுக்குகளில் 1920-லிருந்து இருந்த கிளப், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தில் மான்ஸ்ஃபீல்டிடம் ஒரே ஒரு கோலில் தோற்று வெளியேறியது. ஆனால் அடுத்த ஆண்டே, மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டத்தில் பெனால்டியில் வென்று திரும்பி வந்தது. அதற்கடுத்த ஆண்டு இன்னொரு படி ஏறி மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கே போய்விட்டது.

இப்போது பெரி கிளப்பைப் பாருங்கள். 1885-இல் தொடங்கியது. எஃப்ஏ கோப்பையை 1900-இலும் 1903-இலும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுன்டியை 6-0 என்று வென்றார்கள். இறுதியாட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை. 2018-19 சீசனில் இந்த பெரி லீக் டூவில் இரண்டாமிடம் பிடித்து மேலே ஏறியது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பொற்காலம். ஆனால் அதே மாதங்களில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. புதிய சீசன் தொடங்கியும் ஒரு லீக் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. கடன்களை அடைக்கப் பணம் இருக்கிறது என்று காட்ட முடியாமல் 2019 ஆகஸ்ட் 27-ஆம் தேதி கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அன்று காலையிலும்கூட, வாங்க யாரோ வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் திரண்டு வந்து, கிக் லேன் மைதானத்தின் இருக்கைகளைத் துடைத்துக் குப்பை பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் செய்தி வந்தது.

விழுந்த கிளப் பிழைத்தது, ஏறிய கிளப் செத்தது. ஆகவே புள்ளிப் பட்டியலைப் பார்த்து நீங்கள் படும் கவலையில் பாதியை எடுத்துக் கணக்குப் பக்கம் வையுங்கள்.

கணக்கை எப்படிப் பார்ப்பது? இது ரகசியமான வேலை இல்லை. இங்கிலாந்தில் பதிவான எந்த நிறுவனத்தின் விவரமும், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் கிளப்பின் சட்டப் பெயரைத் தேடுங்கள். தனியார் நிறுவனம் என்றால் கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறியிருந்தால் ‘தாமதம்’ என்று அந்தப் பக்கத்திலேயே காட்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கணக்குத் தாமதமாகும் கிளப்பில் நல்ல செய்தி ஒளிந்திருப்பது அபூர்வம்.

அடுத்தது இயக்குநர்கள் பட்டியல். ஆறு மாதத்தில் மூன்று பேர் விலகியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அப்புறம் அடமானப் பதிவுகள். எந்தச் சொத்தின்மேல் யாருக்குக் கடன் என்று அதில் இருக்கும். அதைவிட முக்கியமான ஒரு கேள்வி உண்டு: மைதானம் யார் பெயரில் இருக்கிறது? கிளப் ஒரு நிறுவனமாகவும் மைதானம் வேறொரு நிறுவனமாகவும் பிரிந்திருந்தால், அந்த இரண்டாவது நிறுவனத்தையும் தேடிப் பாருங்கள். மைதானம் முதலாளியின் தனி நிறுவனத்துக்குப் போயிருந்தால், கிளப் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறது என்று அர்த்தம். பல சின்னக் கிளப்புகளின் கதை இந்த இடத்தில்தான் திரும்புகிறது. ஊர் நடுவில் இருக்கும் அந்த நிலத்துக்கு, அதில் ஆடும் அணியைவிட விலை அதிகம்.

இதற்குச் சட்டத்தில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. 2011-இன் லோக்கலிசம் சட்டப்படி, மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பட்டியலிடும்படி ஊர்க்காரர்கள் உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொண்டால், அதை யாராவது விற்க முனையும்போது, சமூக அமைப்பு ஒன்று பணம் திரட்டி விலை சொல்ல ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். விற்பனையை அது தடுத்துவிடாது, தள்ளிப்போடும். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிட முடியாதே, அதுவே பெரிய விஷயம். உங்கள் மைதானம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளாட்சி மன்றத்தில் கேளுங்கள். இல்லை என்றால் இந்தச் சீசனில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அந்த விண்ணப்பமாகவே இருக்கலாம்.

சம்பளம் தாமதம் என்ற பேச்சை வதந்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பணம் வற்றும்போது கிளப் பெரும்பாலும் முதலில் நிறுத்துவது வரியை. வரித் துறைக்குப் பாக்கி விழுந்தால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய லீக் தடை போடும். எந்தக் கிளப்புக்குத் தடை இருக்கிறது என்பதை லீக்கே வெளியிடுகிறது, பாருங்கள். ஜனவரியில் எல்லாக் கிளப்பும் ஆள் எடுக்கும்போது உங்கள் கிளப் மட்டும் சும்மா இருந்தால், மேனேஜரின் சோம்பேறித்தனம் என்று நினைப்பதற்கு முன் அந்தத் தடைப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கும் அப்பால் போனால் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி வரித் துறை மனுப் போடும். கடன் கொடுத்தவர்களிடமிருந்து காக்கக் கிளப்பைத் திவால் நிர்வாகியிடம் ஒப்படைத்தால் லீக் 12 புள்ளிகளைக் கழித்துவிடும்.

புள்ளிக் கழிவு எவ்வளவு கொடுமையாக இருக்க முடியும் என்பதற்கு லூட்டன் டவுன்தான் உதாரணம். 2008-09 சீசனை அவர்கள் மைனஸ் 30 புள்ளியோடு தொடங்கினார்கள். பத்து ஆட்டம் வென்றால்தான் பூஜ்யத்துக்கே வர முடியும்! கடைசி இடத்தில் முடித்து லீக்கை விட்டு வெளியேறினார்கள். ஆனால் அதே சீசனில், ஏப்ரல் மாதம், கீழ்நிலைக் கிளப்புகளுக்கான லீக் டிராஃபியின் இறுதி ஆட்டத்தில் வெம்பிளியில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று வென்றார்கள். ஏறக்குறைய 40,000 லூட்டன் ரசிகர்கள் அங்கே இருந்தார்கள். கீழே விழப்போவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வந்தார்கள். ஐந்து சீசன் கீழே கிடந்து 2014-இல் திரும்பி, 2023-இல் பிரீமியர் லீக் வரை போனது அந்தக் கிளப். அங்கே நிலைக்க முடியவில்லை, மறுபடி இறங்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடனாலும் அபராதத்தாலும் செத்திருக்க வேண்டிய கிளப் அது. ரசிகர்களே கூடி அமைத்த குழுதான் அதை வாங்கிக் காப்பாற்றியது.

அடுத்து டிரஸ்ட். உங்கள் கிளப்புக்கு ரசிகர் டிரஸ்ட், அதாவது ரசிகர்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு, பெரும்பாலும் இருக்கும். உறுப்பினராக ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். சேருங்கள். வெறும் பெயருக்கு இல்லை, கூட்டத்துக்கும் போங்கள். எக்ஸட்டர் சிட்டியின் கதையைச் சொல்கிறேன். 2003-இல் அவர்கள் லீக்கிலிருந்து விழுந்தார்கள். கிளப் கடனில் மூழ்கிக் கிடந்தது. எடுக்க ஆள் இல்லாத நிலையில் டிரஸ்ட் எடுத்தது. 2005 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய், மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0 என்று சமன் செய்தார்கள். அந்த ஆட்டத்திலும் மறு ஆட்டத்திலும் வந்த வசூலும் தொலைக்காட்சிப் பணமும் கடனை அடைக்கப் பெரிதும் உதவின. 2008-இல் லீக்குக்குத் திரும்பினார்கள். இன்றும் கிளப் டிரஸ்டின் கையில்தான் இருக்கிறது. ஆலி வாட்கின்ஸ் அங்கே சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். அவரை விற்ற பணத்திலும், பின்னால் அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது வந்த பங்கிலும் அந்தச் சின்னக் கிளப் பல வேலைகளைச் செய்துகொண்டது.

டிரஸ்ட் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். போர்ட்ஸ்மத் 2008-இல் எஃப்ஏ கோப்பை வென்ற கிளப். ஐந்தே ஆண்டில் லீக் டூவுக்கு வந்துவிட்டது. 2013-இல் ரசிகர்கள் வாங்கிக் காப்பாற்றினார்கள். ஆனால் 2017-இல், மேலே போக இன்னும் பெரிய முதலீடு வேண்டும் என்று அவர்களே வாக்களித்து விற்றார்கள். அந்த விற்பனையைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு, எல்லோரும் பார்க்க விற்றார்கள். ஒரு பவுண்டுக்குக் கைமாறுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

சரி, கணக்கைப் பார்த்தாயிற்று. அங்கே பெரிய ஆபத்து இல்லை, அணி மோசமாக ஆடுகிறது, அவ்வளவுதான் என்று வையுங்கள். அப்போது ரசிகரின் வேலை மைதானத்துக்குள்.

லீக் டூ மைதானத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருக்கும் ஆட்டத்தில் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் கேட்கும். அறுபதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் வசவு இரைச்சலோடு கரைந்துவிடும். இங்கே அப்படி இல்லை. பக்கக் கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் இடையே இரண்டு மூன்று எட்டுதான். லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர், வெளியே போன பந்தைக் கையால் எறியும் த்ரோ எடுக்க வரும்போது, பின்னால் நிற்பவர் சொல்வது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழும். நல்ல நாளில் அவர் த்ரோ எடுக்குமுன் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்ப்பார். நாலு வசவு வாங்கிய பிறகு பார்ப்பதில்லை. பந்தை வாங்கியதும் கோட்டோரமாக முன்னால் விட்டெறிந்துவிடுவார். அதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் பந்து எதிரணியிடம் போய்விடும். அடுத்த முறை பாஸ் வாங்க முன்வரவே மாட்டார். எதிரணிக்காரன் பின்னால் ஒளிந்து நிற்பார். மோசமான சீசனில் அணியே ஒளிந்து ஆடுவதை இப்படித்தான் பார்க்கலாம். திறமை ஒரே வாரத்தில் எங்கும் போய்விடுவதில்லை, பந்தைக் கேட்கும் தைரியம் போய்விடும்.

அந்த ஆட்டக்காரரின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். இந்த நிலையில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோதான். ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிடும். கிளப் கீழே போனால் சம்பளம் குறையும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மனைவி, கைக்குழந்தை, வாடகை வீடு, ஜூலையில் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாத நிலை. உங்களுக்கு வருத்தம் என்றால் அவருக்குப் பிழைப்பு. விமர்சிக்கவே கூடாதா என்றால், தாராளமாக விமர்சியுங்கள்: ஆட்டம் முடிந்த பிறகு, ஆட்டத்தைப் பற்றி. தொண்ணூறு நிமிடமும் சத்தம் அவர் பக்கம் இருக்கட்டும். தவறான பாஸுக்கு அடுத்த நொடியில் வரும் கைதட்டல் இருக்கிறதே, அது கோலுக்குத் தட்டுவதைவிடப் பயனுள்ளது.

மேனேஜர் விஷயத்தில் எனக்கு உறுதியான பதில் கிடையாது, ஏனென்றால் வரலாறு இரண்டு பக்கமும் பேசுகிறது. நியூபோர்ட் கவுன்டி 2017 மார்ச்சில், 12 ஆட்டம் மீதி இருக்கும்போது, தப்பிக்கும் இடத்திலிருந்து 11 புள்ளி பின்னால் இருந்தது. மேனேஜரை மாற்றி, அதே ஊரில் பிறந்த மைக் ஃபிளின்னிடம் கொடுத்தார்கள். கடைசி நாளில் நாட்ஸ் கவுன்டியோடு 1-1 என்று நிற்கிறது. அவர்களோடு தப்பிக்கப் போட்டியிடும் ஹார்டில்பூல் தங்கள் ஆட்டத்தில் முன்னால் இருக்கிறது. அப்படியே முடிந்தால் நியூபோர்ட் கீழே. 89-ஆவது நிமிடத்தில் மார்க் ஓபிரையன் என்ற தடுப்பாட்டக்காரர் கோல் அடித்தார். தப்பித்தார்கள்.

வைகோம் நேர் எதிர். 2014-இல் கோல் வித்தியாசத்தில் உயிர் பிழைத்த அந்தக் கிளப், கேரத் ஏன்ஸ்வொர்த்தை அனுப்பவில்லை. மறு ஆண்டு பிளே-ஆஃப் இறுதி வரை வந்து பெனால்டியில் தோற்றார்கள். 2018-இல் லீக் ஒன். 2020-இல் கிளப் வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப். எல்லாம் அதே மேனேஜரோடு.

ஆகவே தோல்விகளை எண்ணி முடிவு கட்டாதீர்கள். நான் பார்ப்பது வேறு ஒன்று: இரண்டு கோல் பின்னால் இருக்கும்போது 80-ஆவது நிமிடத்தில் நடுக்கள ஆட்டக்காரர்கள் திரும்பி ஓடுகிறார்களா? ஓடினால் அவர்கள் இன்னும் மேனேஜரை நம்புகிறார்கள். நடந்தால், அங்கே ஏதோ உடைந்துவிட்டது. டிவியில் இது தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும்.

புள்ளிக் கணக்கையும் ஒரு தரம் நிதானமாகப் போடுங்கள். 24 அணிகள், 46 ஆட்டங்கள், கடைசி இரண்டு அணிகள் கீழே. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, அதற்குக் கொஞ்சம் மேல் என்று எடுத்தால் பெரும்பாலான ஆண்டுகளில் தப்பித்துவிடலாம். ஜனவரி முடிவில் இன்னும் 17, 18 ஆட்டம் இருக்கும். ஆறு வெற்றி, நாலு சமன் என்றாலே 22 புள்ளி. இது ஒன்றும் நடக்காத காரியமில்லை. முதலிடத்தில் இருக்கும் அணியிடம் தோற்றதற்காகத் துவண்டுபோகாதீர்கள். உங்களுக்கு மேலே உள்ள நாலைந்து அணிகளோடு ஆட்டம் எப்போது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து களைப்பாக இருந்தாலும், வெளியூராக இருந்தாலும், போக வேண்டிய ஆட்டங்கள் அவைதான். செவ்வாய்க்கிழமை இரவு மழையில், இருநூறு மைலுக்கு அப்பால், அறுபது பேர் வந்து நின்றால்கூட அணிக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அந்த மூலைக்கு வந்து கைதட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

பையனைப் பற்றி. அவன் அழுவதைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் தன்னைத் தவிர வேறொன்றுக்காக அழுகிறானே, அது நல்ல விஷயம். ‘ஆட்டம்தானே, விடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது ஆட்டம் மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பதிலாக அவனுக்குக் கதை சொல்லுங்கள். கீழ்நிலைக் கால்பந்தில் கதைக்குப் பஞ்சமே இல்லை.

1999 மே 8-ஆம் தேதி நடந்ததைச் சொல்லுங்கள். கார்லைல் யுனைடெட், கடைசி ஆட்டம், பிளிமத்தோடு 1-1. வென்றால்தான் லீக்கில் நிற்க முடியும். தங்கள் கோல்கீப்பரை விற்றுவிட்டதால், ஸ்விண்டனிலிருந்து ஜிம்மி கிளாஸ் என்பவரை இரவலாக வாங்கியிருந்தார்கள். கூடுதல் நேரத்திலும் கடைசி நொடிகள், ஒரு கார்னர். கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் மறுமுனைக்கே ஓடுகிறார். தலையால் முட்டிய பந்தை எதிரணிக் கோல்கீப்பர் தட்டிவிட, அது நேராக இவர் காலடியில் வந்து விழுகிறது. அடித்தார். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. அந்தக் கிளப்புக்காக அவர் ஆடியதே மொத்தம் மூன்று ஆட்டம்தான்.

கொஞ்சம் பெரியவனான பிறகு மறுபாதியையும் சொல்லுங்கள். அந்தக் கோல் விழும்போது, கார்லைலோடு தப்பிக்கப் போட்டியிட்ட ஸ்கார்பரோவின் ஊரில் ஆட்டம் முடிந்து, தப்பித்துவிட்டோம் என்று ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். கார்லைலில் கோல் விழுந்த செய்தி வந்து சேர்ந்தது. ஸ்கார்பரோ மறுபடி மேலே வரவே இல்லை. 2007-இல் கடனில் மூடப்பட்டது. அதே ஆண்டு ரசிகர்கள் ஸ்கார்பரோ அத்லெடிக் என்று புதிதாகத் தொடங்கினார்கள். உன்னைப் போலவே அங்கும் ஒரு பையன் அன்றைக்கு அழுதிருப்பான் என்று சொன்னால், எதிரணி ரசிகனை ஏசும் வழக்கம் அவனுக்கு வராது.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்றால், பெரிய கிளப்பின் சட்டை போட்ட பையன்களில் எத்தனை பேர் தங்கள் அணியின் கேப்டனோடு கைகுலுக்கியிருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். லீக் டூவில் ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் நின்றால் பாதி அணியோடு பேசிவிட்டு வரலாம்.

இப்போது பணம். சீசன் டிக்கெட் எடுப்பதா? கணக்கில் ஆபத்து இல்லை என்றால், எடுங்கள். அதுவும் கீழே விழுந்தாலும் எடுங்கள். விழுந்த வருஷத்தில்தான் அந்தப் பணத்துக்கு மதிப்பு அதிகம். பிரீமியர் லீக்கில் தொலைக்காட்சிப் பணத்தின் பக்கத்தில் டிக்கெட் வசூல் சின்னது. நான்காம், ஐந்தாம் அடுக்கில் வாசலில் வரும் காசு சம்பளமாகப் போகும் காசு. உள்ளே வாங்கும் தேநீரும் ஆட்டப் புத்தகமும் கிளப் லாட்டரியும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் கணக்கு சந்தேகமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சில கிளப்புகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே ‘முன்கூட்டி எடுத்தால் தள்ளுபடி’ என்று அடுத்த சீசன் டிக்கெட்டை விற்கும். வழக்கமான விற்பனைதான். ஆனால் கையில் காசில்லாத கிளப்பில், அந்தப் பணம் இந்த மாதச் சம்பளத்துக்குப் போய்விடும். ஆகஸ்டில் பெட்டி காலி. கிளப் மூடப்பட்டால் டிக்கெட் வாங்கியவர், பணம் திரும்ப வர வேண்டியவர்களின் வரிசையில் கடைசியில்தான் நிற்பார். அதனால் அப்படிப்பட்ட நிலையில் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்டு 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவர் கைவிட்டால் கார்டு நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்க, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு உரிமை தருகிறது. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் விலை தனித்தனியாகப் பார்க்கப்படும் என்பதால், பையனின் டிக்கெட் 100 பவுண்டுக்குள் இருந்தால் அது இதில் வராமல் போகலாம்.

முதலாளி ‘கிளப்பைக் காப்பாற்ற நன்கொடை தாருங்கள்’ என்று வாளி ஏந்த வந்தால், டிரஸ்ட் வழியாக மட்டும் கொடுங்கள். டிரஸ்ட் அதைப் பங்காகவோ, எழுதி வாங்கிய கடனாகவோ தரும். இயக்குநர் குழுவில் ஓர் இடமும் கேட்கும். எந்தப் பிடியும் இல்லாமல் கொடுக்கும் பணம் கிளப்புக்கு நீங்கள் தந்தது ஆகாது, முதலாளியின் கடனை நீங்கள் அடைத்தது ஆகும். பணம் தர முடியாவிட்டால் உடலுழைப்பு கொடுக்கலாம். உறைபனி விழும் என்று அறிவித்த வெள்ளிக்கிழமை இரவில் புல்தரைமேல் விரிப்புப் போட ஆள் தேடுவார்கள். சனிக்கிழமை காலை அதைச் சுருட்டவும் ஆள் வேண்டும். அந்த ஓர் ஆட்டம் தள்ளிப்போகாமல் நடந்தாலே கிளப்புக்கு அந்த வார வசூல் மிச்சம்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2025-இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, மேலிருந்து ஐந்து அடுக்குக் கிளப்புகளுக்கும் தனி ஒழுங்காணையம் வந்திருக்கிறது. முதலாளியாக வருபவரைச் சோதிப்பதும், கிளப்புக்கு உரிமம் தருவதும், மைதானத்தை விற்பதற்கு அனுமதி தேவை என்பதும் அதன் வேலைக்குள் வருகின்றன. பெரியில் நடந்தது அந்தச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். புதிய அமைப்பு, போகப் போகத்தான் அதன் பல் தெரியும். ஆனால் புகார் சொல்ல லீக்கைத் தவிர இன்னோர் இடம் இருக்கிறது. உங்கள் டிரஸ்டுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, விழுந்தேவிட்டால்? 1987-க்கு முன்னால் லீக்கின் கடைசி இடத்தில் முடித்த கிளப்புகூட மற்றக் கிளப்புகளின் வாக்கைப் பெற்றுத் தங்கிவிடலாம். அந்த ஆண்டுதான் நேரடியாக இறக்கும் முறை வந்தது. முதலில் விழுந்தது லிங்கன் சிட்டி. மறு ஆண்டே திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 24 அணிகள் ஆடும் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கிலிருந்து மேலே வரும் வாசல் ரொம்பக் குறுகல். இரண்டு இடம் என்பதே 2003-இல்தான் வந்தது. ஆகவே ஒரே வருஷத்தில் திரும்பிவிடுவோம் என்று பையனிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். ஓல்டம் அத்லெடிக் ஒரு காலத்தில் பிரீமியர் லீக்கில் ஆடிய கிளப். 2022-இல் விழுந்து, மூன்று வருஷம் கழித்து 2025-இல் வெம்பிளியில் சவுத்எண்டை 3-2 என்று வென்றுதான் வர முடிந்தது. அங்கே தோற்ற சவுத்எண்டும், பல ஆண்டு வரிப் பாக்கி வழக்குகளில் சாகக் கிடந்து, ரசிகர்களின் விடாப்பிடியால் புதிய கைகளுக்கு வந்து சேர்ந்த கிளப்தான்.

எனவே இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். கம்பெனீஸ் ஹவுஸ் பக்கத்தைப் பாருங்கள். அரை மணி நேர வேலை. டிரஸ்டில் சேர்ந்து, அடுத்த கூட்டத்தில் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேளுங்கள். மூன்றாவது, அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குப் பையனோடு அரை மணி முன்னால் போய், ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் பக்கத்துக் கம்பி ஓரமாக நில்லுங்கள். அந்த லெஃப்ட் பேக்கின் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடச் சொல்லுங்கள். திரும்பிப் பார்ப்பார், அவருக்குக் கேட்கும்.